சட்டை மாத்தப் போன நேரத்துல

அந்தப் பையை மடியிலயே வச்சுக்கங்க தம்பி. மேல போட்டா சின்னமனூர் வேகத்தடையில பஸ் குதிக்கிறப்ப எம்பிக் கீழ விழுந்துரும். கேமராப் பைதானே? பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு. நாலு மாசம் இதே மாதிரி ஒரு பை எங்க வீட்டு மாடியில கெடந்துச்சு.

மதுரையில கல்யாண வேலையா? நல்லா எடுங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு கூட்டத்தைப் படம் எடுக்குறீக. அந்தக் கூட்டத்தை ஒழுங்கா நிக்க வச்சவன் ஒருத்தன் இருக்கான். காலையிலருந்து வெயில்ல நின்னு தொண்டை வறளக் கத்துனவன். அவன் இல்லாத நேரமாப் பார்த்துப் படம் எடுக்கலாமா? வேண்டாம், இப்பப் பதில் சொல்லாதீக. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு சொல்றது எனக்குப் பிடிக்காது. சங்கத்துலயும் அப்படித்தான். ரெண்டு பக்கத்தையும் நானே எடுத்துச் சொல்லிட்டுத்தான் முடிவையும் சொல்லுவேன்.

என் பேரு ஞானாதிக்கம். கம்பத்துக்குக் கிழக்க இன்னாசியார்பட்டி. பூராவும் பன்னீர்த் திராட்சை. கல்தூணை நட்டு, கம்பியை இழுத்து, ஊரையே பந்தல் போட்டு மூடுன மாதிரி இருக்கும். எங்க பழத்தை வாங்கி வைன் போடுற கம்பெனி ஊருக்கு மேக்கயே இருக்கு. நான் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குப் பதினோரு வருசம் தலைவர். ஒரு தடவை கூடப் போட்டி கெடையாது. போட்டிக்கு யாராவது நிக்கிறீங்களான்னு நானே எந்திரிச்சு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பார்த்துக் கேப்பேன். யாரும் நிக்க மாட்டாக. அம்புட்டு நம்பிக்கை.

போன வருசம் அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு புத்தகம் போடணும்னு சொன்னாக. கொடியைக் கழிக்கிற கவாத்துல ஆரம்பிச்சு குலை வெட்டு வரைக்கும் ஒரு பருவம் பூராவும் ஊரைப் படம் எடுத்துப் பெரிய புத்தகமாப் போடுறது, நல்ல படத்தைப் பெருசாக்கிக் கம்பெனிச் சுவத்துல மாட்டுறது. அதுக்காகச் சென்னையிலருந்து வசுமதின்னு ஒரு பொண்ணை அனுப்பிச்சாக. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேச்சு கம்மி. சட்டைப் பையில பேனா வைக்கிற மாதிரி எந்நேரமும் கழுத்துல கேமரா.

ஊருக்கு வந்தவுகளை நாமதானே பார்த்துக்கணும். எங்க மாடியில தங்க வச்சேன். சாப்பாடு எங்க வீட்டுலதான். எதை எடுக்கணும், எதை எடுக்கக் கூடாதுன்னு மொத நாளே ஒக்கார வச்சுச் சொல்லிட்டேன். மேல்நிலைத் தொட்டி, என் காலத்துல கட்டுனது. சங்கக் கட்டடத்துல இருக்குற கல்வெட்டு. ஆழ்குழாய்க் கெணறு. ஒவ்வொண்ணுக்கும் கூடவே போனேன். பின்னாடி வெறும் தொட்டி மட்டும் நின்னா பார்க்குறவுகளுக்கு என்ன வெளங்கும், பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே உயரம் தெரியும்? நான் நின்னேன். அந்தப் பொண்ணு மறுக்கல. எடுக்கும்மான்னா எடுக்கும். ஆனா நான் திரும்பி நடந்தா பின்னாலயே டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்கும். என்னத்தை எடுக்குதுன்னு பார்த்தா, தொட்டிக்கு அடியில ஒழுகுற தண்ணியில வாத்து குளிச்சுக்கிட்டிருக்கும், அதை எடுத்துக்கிட்டிருக்கும்.

தோட்டத்துலயும் அதே கதைதான். எங்க தோட்டத்துல பன்னெண்டு பொம்பளைக வேலை பார்க்குறாக. காலனியிலருந்து வர்றவுக. அக்னேசுன்னு ஒருத்தி, அவதான் அவுகளுக்கு மேஸ்திரி மாதிரி. குலையில நெரிசலா இருக்குற காயைக் கழிச்சு நெருக்கம் எடுக்குறப்ப நாள் பூரா தலைக்கு மேல கையைத் தூக்கி வச்சு, கத்திரியால ஒண்ணொண்ணா வெட்டணும். விரல் எல்லாம் கறுத்துப் போகும். படம் எடுக்குற அன்னைக்கு நான் எல்லாரையும் கையைத் தேச்சுக் கழுவச் சொன்னேன். நல்ல சேலை கட்டி, பூ வச்சு வரச் சொன்னேன். ஊருக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல. வந்தாளுக, மாதா சப்பரத்துக்கு நிக்கிற மாதிரி வரிசையா நின்னாளுக. வசுமதி ஒரு படம் எடுத்துச்சு, சந்தோசம்னு சொல்லுச்சு. மறுநாள் எனக்குத் தெரியாம விடியக் காலம்பறவே போயி, கறை படிஞ்ச கையாப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கு. எனக்குப் பெறகுதான் தெரியும்.

நான் தோட்டத்துக்குள்ள அதிகம் போறதில்ல தம்பி. பந்தல் ஆறடிதான், நான் கொஞ்சம் உயரம். உள்ள போனா குனிஞ்சே நடக்கணும். அதனால வரப்புல நின்னு சொல்றதோட சரி. உள்ள இருக்குறது என் வீட்டுக்காரி. அமலோற்பவம்னு பேரு. அவ பொறந்த வீட்டுத் தோட்டம்தான் அது, பட்டா கூட அவ பேருலதான் இருக்கு. அது சும்மா காயிதத்துல. நடத்துறது நான்தான்.

அவளைப் பத்திச் சொல்லணும்னா என்ன சொல்ல. சாந்தமானவ. ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. கல்யாணமாகி முப்பத்தொரு வருசம். நான் பேசுறப்ப அப்படியே பார்த்துக்கிட்டிருப்பா. கண்ணை எடுக்க மாட்டா. மரியாதைன்னா அது மரியாதை. இந்த வசுமதியும் அவளும் அடுப்படியில ஒக்காந்து பேசுவாக. என்ன பேசுறாகன்னு ஒரு தடவை போயி நின்னேன். பேச்சு நின்னு போச்சு. சரி, பொம்பளைக சமாச்சாரம்னு வந்துட்டேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்க ஊருல வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை, முதல் குலையை மாதா கோயிலுக்குக் கொண்டுபோயிப் பூசையில வச்சு மந்திரிச்சு வாங்குவோம். அன்னைக்கு ஊரே இருக்கும். அன்னைக்குக் கோயில் வாசல்ல மொத்த ஊரையும் ஒரே படத்துல எடுக்கணும், அதுதான் புத்தகத்துக்கு நடுப்பக்கம்னு நான்தான் யோசனை சொன்னேன். வசுமதி எடுக்கலாம் அங்கிள்னுச்சு.

சும்மா எடுத்துற முடியுமா? முந்நூத்தி நாப்பது பேரு. மூணு நாளா ஒக்காந்து பட்டியல் எழுதுனேன். மொத வரிசை நாற்காலி. நடுவுல பங்குச்சாமியார், அவருக்கு வலப்பக்கம் நான். நாற்காலி முதுகுல பேரு எழுதி ஒட்டியாச்சு. பெறகு சங்கத்து நிர்வாகிக, தோட்டக்காரங்க. ரெண்டாவது வரிசை அவுக வீட்டுப் பொம்பளைக. மூணாவது பெஞ்சு மேல எளவட்டங்க. நாலாவது, கோயில் படியில, காலனிக்காரவுக. பின்னாடி நின்னா மூஞ்சி தெரியாதேன்னு அக்னேசு கேட்டா. தெரியாட்டி என்ன, நீங்க இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியும்லன்னேன். நான் வித்தியாசம் பார்க்குற ஆளு கெடையாது தம்பி. வேணும்னா ஊருல கேட்டுப் பாருங்க. எல்லாரும் ஒரே படத்துக்குள்ள வரணும்னு சொன்னவனே நான்தான். ஆனா ஒரு ஒழுங்குன்னு இருக்கா இல்லையா?

பூசை முடிஞ்சு எட்டரைக்கு ஆரம்பிச்சது. பதினொண்ணரை வரைக்கும் ஓடுச்சு. ஒருத்தனை இழுத்து வச்சா இன்னொருத்தன் நகர்றான். பிள்ளைக அழுகுது. வயசானவுகளுக்குத் தலை சுத்துது. சாமியார் வேற அடுத்த ஊருப் பூசைக்கு நேரமாச்சுன்னு கடிகாரத்தைப் பார்க்குறாரு. எல்லாத்தையும் சரி பண்ணி ஒக்காரப் போறேன், குனிஞ்சு பார்த்தா சட்டை தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. புத்தகம் எங்கெங்க போகுமோ. வெளிநாட்டுக்குப் போகும்னு சொன்னாக. அந்தச் சட்டையோட ஒக்கார முடியுமா? யாரும் அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு, பட்டியலை என் நாற்காலியில வச்சுட்டு வீட்டுக்குப் போனேன். பட்டுச் சட்டை உடனே கெடைக்கல. கம்பெனியில போத்துன பொன்னாடை ஒண்ணு இருந்துச்சு, அதைத் தேடி எடுத்தேன். அரை மணி நேரம் ஆயிருக்கும்.

திரும்பி வந்தா, நம்ப மாட்டீக, ஒரு ஆளு அசையல. வச்சது வச்ச மாதிரி நிக்கிறாக. எல்லா மூஞ்சியிலயும் ஒரு தெளிச்சி. ரெண்டு மூணு பேரு கண்ணைக் கூடத் துடைச்சுக்கிட்டாக, வெயிலு. நான் ஒக்காந்தேன். வசுமதி எடுத்துச்சு. முடிஞ்சது. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் பொண்ணு கல்யாணத்தன்னைக்குக் கூட இல்ல.

வெட்டு முடிஞ்சு அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருச்சு. போறப்ப அமலோற்பவத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. எனக்குக் கும்பிடு போட்டுச்சு.

தேனி வந்துருச்சா? பத்து நிமிசம் நிப்பான். நீங்க டீ குடிக்கிறதுன்னா குடிங்க, நான் எறங்கல. இந்த எடம் போயிரும்.

வந்துட்டீகளா. எங்க விட்டேன்? புத்தகம். ஆறு மாசம் கழிச்சுக் கம்பெனியில விழா. மேடை போட்டு, ஊரையே கூப்பிட்டு, மேனேஜர் எனக்குத்தான் மொதப் புத்தகத்தைக் குடுத்தாரு. எல்லாரும் கைதட்டுறாக. நான் அங்கேயே நடுப்பக்கத்தைத் திருப்புனேன்.

நான் இல்ல தம்பி.

கோயில் வாசல் இருக்கு. சனம் இருக்கு. ஆனா வரிசைன்னு ஒண்ணு கெடையாது. தோட்டக்காரங்க பூராவும் தரையில சம்மணம் போட்டு ஒக்காந்திருக்காக. சங்கச் செயலாளர் தொம்மைராசு, எனக்கு மருமகன் முறை, அவன் பெஞ்சுல தொங்கிக்கிட்டு வயித்தைப் பிடிச்சுச் சிரிக்கிறான். நாற்காலி பூராவும் காலனிப் பொம்பளைக. என் பேரு ஒட்டுன நாற்காலியில அக்னேசு. கால் மேல கால் போட்டிருக்கா. சாமியாரு அங்கி நனையிற மாதிரி கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாரு. எல்லாருக்கும் முன்னாடி, கேமராவுக்குப் பக்கவாட்டுல, என் வீட்டுக்காரி. ஒரு கையில பட்டியல். இன்னொரு கையை நீட்டி யாரையோ பார்த்து என்னமோ சொல்றா. முந்நூறு பேரும் சிரிக்கிறாக, அவ மட்டும் சிரிக்கல. மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சிருக்கா.

புத்தகம் பூரா பொரட்டிட்டேன். நூத்திப் பன்னெண்டு படம். வாத்து இருக்கு. கறை படிஞ்ச கை இருக்கு. தொட்டி கூட இருக்கு, அதுக்குப் பக்கத்துல உயரம் காட்ட யாரும் இல்ல. மேனேஜரு எப்படி இருக்குன்னு கேட்டாரு. தாள் நல்ல தாளுன்னேன்.

வீட்டுக்கு வந்து அவகிட்டக் கேட்டேன். நான் சட்டை மாத்தப் போன நேரத்துல நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்தன்னு. அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்காமச் சொன்னா:

“உங்களுக்குப் பதிலா நின்னு, எல்லாரையும் ஒழுங்கா நிக்க வச்சுக்கிட்டிருந்தேன்.”

எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. பாருங்க, நான் இல்லாட்டிக் கூட்டம் கலைஞ்சுரும்னு தெரிஞ்சு, வாயே தெறக்காத பொம்பளை, என் வேலையைக் கையில எடுத்துச் செஞ்சிருக்கா. அதுக்கு ஊரு என்ன பண்ணியிருக்கு? அவளைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. பொம்பளை சொன்னா கேக்கணுமான்னு தாறுமாறா ஒக்காந்துக்கிட்டு, கேலி பண்ணியிருக்காக. என்னால தாங்க முடியல. என்னைப் புத்தகத்துல போடாதது கூடப் பெருசாத் தெரியல அப்ப.

நேரா தொம்மைராசு வீட்டுக்குப் போனேன். எதுக்குடா சிரிச்சன்னு கேட்டேன். அவன் முழிச்சான். நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு மாமான்னான். சாமியாருகிட்டப் போனேன். ஒரு பையனோட டவுசர் அவுந்து விழுந்துச்சுன்னாரு. சாமியாரு பொய் சொல்லிப் பார்த்ததில்ல நான், அன்னைக்குத்தான் பார்த்தேன். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. விட்டனா? சங்கக் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டேன். திருமதி அமலோற்பவம் அவர்களைப் பொது எடத்துல கேலி செஞ்சதுக்காக, படத்துல சிரிச்சுக்கிட்டிருக்குற எல்லாரும் நேர்ல வந்து வருத்தம் தெரிவிக்கணும்னு. ஒரு மனதா நிறைவேறுச்சு. யாரும் எதுத்துப் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. தோள் மட்டும் குலுங்குது. அழுகுறாகன்னு நெனைச்சேன்.

வந்தாக தம்பி. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு எங்க வீட்டு வாசல்ல வரிசையா. அமலோற்பவத்தை நாற்காலி போட்டு ஒக்கார வச்சு நான் பக்கத்துல நின்னேன். ஒவ்வொருத்தரா வந்து, சிரிச்சது தப்புதான்னு சொல்லிட்டுப் போனாக. உதட்டைக் கடிச்சுக்கிட்டே சொன்னாக, வெக்கம் இருக்கும்ல. அக்னேசு மட்டும் பாதியில பேச முடியாம முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஓடிட்டா. என் வீட்டுக்காரி ஒருத்தருக்கும் கோவப்படல. பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டி ஆட்டி, சரி, இனிமே ஒழுங்கா இருங்கன்னு சொன்னா. கம்பீரமா இருந்துச்சு. இம்புட்டு நாளும் இவளுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருந்திருக்கேன்னு பெருமையாக் கூட இருந்துச்சு.

அதுக்கு அடுத்த வாரம் தபால்ல ஒரு கவர் வந்துச்சு. வசுமதி அனுப்புனது. புத்தகத்துல சேராத படத்தை எல்லாம், எனக்குன்னு தனியாப் பெரிய தாள்ல போட்டு அனுப்பியிருக்கு. கோச்சுக்காதீங்க அங்கிள், உங்களை எடுத்த படங்கள் உங்களுக்கேன்னு ஒரு சீட்டு. எண்பது படத்துக்கு மேல. தொட்டிப் பக்கம் நான், கல்வெட்டுப் பக்கம் நான். நான் ஒழுங்குபடுத்தி ஒக்காந்து எடுத்த ஊருப் படமும் இருந்துச்சு. அதுல எல்லாரும் ரேசன் கார்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாக. நான் கண்ணை மூடியிருக்கேன்.

ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டு வந்தேன். ஒரு படத்துல கை நின்னு போச்சு. கோயில் வாசல்ல நான் ஆளுகளை நிக்க வைக்கிறப்ப, எனக்கே தெரியாமப் பக்கவாட்டுல எடுத்தது. வயித்தை முன்னாடி தள்ளி, நாடியைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, பட்டியலை நெஞ்சோட அணைச்சு, வலது கையை நீட்டி, சுண்டு விரலை மட்டும் தனியா மடக்கி நிக்கிறேன். நான் அப்படி நிப்பேன்னு எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. ஆனா அந்த நிப்பை எங்கயோ பார்த்திருக்கேன்.

புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைத் தெறந்து பக்கத்துல வச்சேன். அதே வயிறு. அதே நாடி. சுருக்குன கண்ணு. சுண்டு விரலு கூட.

அவுக அவளைப் பார்த்துச் சிரிக்கல.

என்ன செய்வீக நீங்க? வீட்டு வாசல்ல முந்நூறு பேரை வரிசையில நிக்க வச்சதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. அக்னேசு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஓடுனது. தீர்மானம். ஒரு மனதா. தோள் குலுங்குனது.

நாலு நாள் அவகூடப் பேசல. அது அவளுக்குத் தெரிஞ்ச மாதிரியே இல்ல. எப்பவும் போலத்தான் இருந்தா. ஒருவேளை வீடு கொஞ்சம் அமைதியா இருக்குன்னு நெனைச்சிருப்பா. அஞ்சாம் நாளு சாப்பாடு வைக்கிறப்ப ரெண்டு படத்தையும் அவ முன்னாடி வச்சேன். அவ கையைத் துடைச்சுட்டு எடுத்துப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அன்னைக்கு மட்டும்தானான்னு கேட்டேன். இல்லைன்னா. தோட்டத்துல மத்தியானம் சோத்து நேரத்துல செய்யிறதுதான், கை கடுக்குறப்ப அக்னேசு கேப்பா, செஞ்சா அவுகளுக்குக் கொஞ்சம் கஷ்டம் தெரியாதுன்னா. எத்தனை வருசமான்னேன். யோசிச்சா. கணக்கு வச்சுக்கலைன்னுட்டா.

என் தோட்டத்துல மட்டும் ஆளுக நின்னு வேலை பார்க்குறாக, அடுத்தவன் தோட்டத்துக்குப் போக மாட்டேங்குறாகன்னு ஊரே பேசும் தம்பி. என் கண்டிப்புதான் காரணம்னு நான் இத்தனை நாளா நெனைச்சுக்கிட்டிருந்தேன்.

ஊரு முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டியேன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். அவ படத்தைக் கீழ வச்சா. பயப்படல, அழுகல. சொன்னா:

“முப்பத்தொரு வருசமா நான் பார்த்துக்கிட்டிருக்குறது உங்க ஒருத்தரைத்தான். வேற யாரைப் போலச் செய்ய எனக்குத் தெரியும்?”

அதுக்கு என்ன பதில் சொல்றது? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. சோத்தைச் சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, நல்லாவும் இருந்துச்சு.

சங்கத் தலைவர் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். நாலு பேரு வந்து கையைப் பிடிப்பாகன்னு எதிர்பார்த்தேன், மறைக்கல. தொம்மைராசு வாங்கி, தேதி போட மறந்துட்டீங்க மாமான்னு திருப்பிக் குடுத்தான். போட்டுக் குடுத்தேன். அடுத்த கூட்டத்துல யாரைத் தலைவராப் போடுறதுன்னு பேச்சு வந்துச்சு. உறுப்பினர் ஏட்டைப் பார்த்தா எங்க தோட்டத்துக்கு உறுப்பினரே அமலோற்பவம்தானாம், பட்டா அவ பேருல இருக்குறதால. பதினோரு வருசமா நான் உறுப்பினரே இல்லாத தலைவர். அவளையே நிக்கச் சொல்லிக் கேட்டாக. நேரமில்ல, நெருக்கம் எடுக்குற வேலை கெடக்குன்னுட்டா. கடைசியில தொம்மைராசு ஆயிட்டான். மொதத் தீர்மானமா, முதல் குலைக்கு இனிமே நாற்காலி போடுறதில்லைன்னு போட்டான். நல்ல தீர்மானம்னு சொல்ல முடியாது, முழங்கால் வலிக்காரவுக என்ன செய்வாக? ஆனா என்னை யாரும் கேக்கல.

ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டிட்டோம்ல? இன்னும் ஒரு மணி நேரம்தான்.

மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க. வசுமதி அங்க ஒரு மண்டபத்துல இந்தப் படத்தை எல்லாம் பெருசாக்கி மாட்டியிருக்கு. இன்னைக்குத்தான் தெறக்குறாக. நடுச் சுவத்துல அந்தப் படம், ஒரு ஆளு உயரத்துக்கு இருக்காம். அமலோற்பவம்தான் ரிப்பன் வெட்டணும்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. ஊரே வேன் பிடிச்சுக் காலையில கெளம்பிருச்சு. காலனியிலருந்து தனியா ஒரு வேனு. என்னையும் கூப்பிட்டாக. டிரைவர் பக்கத்து சீட்டை எனக்குன்னு விட்டு வச்சிருந்தாக, அதையும் சொல்லணும். நான் வரலைன்னுட்டேன். அவ ஒரு தடவைதான் கேட்டா. மாத்திரையை மேசையில வச்சுட்டு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு ஏறிட்டா.

வேன் போன பெறகு தெருவுல வந்து நின்னேன். ஒரு சத்தம் இல்ல. கோயில் பூட்டியிருக்கு. கடை பூட்டியிருக்கு. தோட்டப் பக்கம் போனேன். வரப்புல நின்னேன், சொல்றதுக்கு ஆள் இல்ல. சும்மா நிக்கிறதுக்கு உள்ள போனேன், குனிஞ்சுதான். அவுக ஒக்காந்து சாப்பிடுற எடம் ஒண்ணு இருக்கு, கல்லு போட்டு வச்சிருக்காக. அதுல போயி ஒக்காந்தேன். அங்கிருந்து பார்த்தா வரப்பு நல்லாத் தெரியுது. வரப்புல நிக்கிற ஆளு தலையிலருந்து கால் வரைக்கும் தெரிவான், பந்தலுக்கு வெளிய, வெளிச்சத்துல. இத்தனை வருசமும் அவளுக்கு நல்ல எடம்தான் கெடைச்சிருக்கு பார்க்குறதுக்கு.

வீட்டுக்கு வந்து சட்டையை மாத்திக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இந்தா, இந்தத் துணிப் பையைப் பிரிங்க. கண்ணாடி, பார்த்து. கம்பத்துல போன வாரமே சட்டம் போட்டு வச்சேன், எதுக்குன்னு தெரியாமலே. இதுதான் நான் சொன்ன படம், என்னைப் பக்கவாட்டுல எடுத்தது. இதை அந்தப் படத்துக்குப் பக்கத்துல மாட்டச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கப் போறேன். கேக்குறது என்ன, மாட்டித்தான் ஆகணும். மதுரையில வந்து பார்க்குறவுகளுக்கு என்னைத் தெரியாதுல்ல தம்பி? ஒரு பொம்பளை வெறைப்பா நிக்கிறா, ஊரே சிரிக்குது, அம்புட்டுத்தான் தெரியும். கிறுக்கியோன்னு கூட நெனைப்பாக. அவ எம்புட்டு நுணுக்கமாச் செஞ்சிருக்கான்னு தெரியணும்னா அசல் பக்கத்துல இருக்கணும். நியாயம்தானே?

செல்லுல புத்தகப் படமும் வச்சிருக்கேன். ரெண்டையும் சேத்துப் பிடிங்க, இப்படி. நல்லாப் பாருங்க.

சிரிங்க, பரவாயில்ல. உங்களுக்கு முன்னாடி சாமியாரே சிரிச்சுட்டாரு.

ஆனா படம் எடுக்குறவரு நீங்க, கண்ணு பழகுனது, உண்மையைச் சொல்லணும். அவ கையை நல்லாக் கவனிங்க. தோளுக்கு மேல போயிருச்சு பாருங்க. நான் அம்புட்டு ஒசரமாக் கையைத் தூக்குறதே இல்ல. என் கை நெஞ்சுக்கு நேரா நிக்கும், இங்க. மத்ததெல்லாம் அச்சு, அந்த ஒண்ணுதான் பிசகு. எறங்குனதும் அவகிட்டச் சொல்லணும்.